முதல் டிஸ்டார்ஷன் பெடலை நீங்களே கட்டுவது எப்படி

கடையில் ஆயிரக்கணக்கில் விலை போட்டிருக்கும் டிஸ்டார்ஷன் பெடல் (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் மிதிப்பெட்டி) ஒன்றின் அடிமூடியில் நான்கு ஸ்குரூவைக் கழற்றித் திறந்து பாருங்கள். பலருக்கும் முதலில் வருவது ஏமாற்றம்தான். ஒரு ஐசி, இரண்டு டையோடு, பத்துப் பதினைந்து ரெசிஸ்டரும் கெபாசிட்டரும், இரண்டு மூன்று பாட் (குமிழால் திருப்பும் ரெசிஸ்டர்), காலால் மிதிக்க ஒரு ஸ்விட்ச். இவ்வளவுதானா? ஏமாற்றம் அடங்கியதும் அடுத்த எண்ணம் தானாக வரும்: இதை நாமே செய்தால் என்ன?

செய்யலாம். ஓம் விதி மறந்துபோயிருந்தாலும் செய்யலாம். ஆனால் புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் மாட்டிக்கொள்கிறார்கள். எல்லாவற்றையும் வாங்கி, ஒரே மூச்சில் பற்றவைத்து, பெட்டிக்குள் வைத்து மூடி, கிட்டாரைச் செருகுவார்கள். சத்தமே வராது. இருபத்தைந்து உதிரிப் பாகங்கள், நாற்பது ஐம்பது இணைப்புகள். தப்பு எதில் என்று எப்படித் தேடுவது? என் முதல் பெடலை நானும் அப்படித்தான் கட்டினேன், அந்தக் கதை கீழே வருகிறது. அதனால் இங்கே வேறு வழி. பாதி கட்டியதும் கிட்டாரைச் செருகிக் கேட்கப்போகிறோம், இன்னும் கொஞ்சம் சேர்த்துவிட்டு மறுபடி கேட்கப்போகிறோம். மல்ட்டிமீட்டர் ஒன்று போதும், மீதியைக் காது பார்த்துக்கொள்ளும்.

உள்ளே என்ன நடக்கிறது

டிஸ்டார்ஷன் முதலில் ஒரு கோளாறாகத்தான் வந்தது. 1950களில் கிட்டாரிஸ்ட் லிங்க் ரே ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைப் பென்சிலால் குத்தி ஓட்டை போட்டு அந்தக் கரகரப்பை வரவழைத்தார். 1961ல் வெளிவந்த ஒரு பாடல் அமெரிக்காவின் நாஷ்வில்லில் பதிவானபோது கன்சோலின் (ஒலிப்பதிவு மேஜையின்) ஒரு சேனல் கெட்டிருந்தது. அதன் வழியாக வந்த கிரேடி மார்ட்டினின் பேஸ் சோலோ கிழிந்த தகரம்போல ஒலித்தது. பிடித்துப்போய் அதை அப்படியே வைத்துக்கொண்டார்கள். பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்நாடி அதே கோளாறை டிரான்சிஸ்டர் வைத்து ஒரு சின்னப் பெட்டிக்குள் உண்டாக்கினார். கிப்ஸன் நிறுவனம் 1962ல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் விற்றது அதைத்தான்.

விஷயம் இதுதான்: கிட்டாரிலிருந்து வரும் சிக்னல் ரொம்பச் சின்னது, சுமார் 0.1 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஐசி பல மடங்கு பெரிதாக்குகிறது. பெரிதான அலை இரண்டு டையோடுகள் நிற்கும் இடத்துக்கு வருகிறது. சாதாரண சிலிக்கன் டையோடு 0.6 வோல்ட் அளவில் கடத்தத் தொடங்கிவிடும். ஒரு டையோடு அலையின் தலையை நறுக்குகிறது, எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கும் இன்னொன்று அடியை நறுக்குகிறது. வளைந்து வந்த அலை தட்டையாகிறது. அந்தத் தட்டை விளிம்பில்தான் புதிய ஸ்வரக்கூறுகள் முளைக்கின்றன. நம் காதுக்கு அது கடிப்பாகவும் நீண்டு நிற்கும் ஒலியாகவும் கேட்கிறது.

நாம் கட்டப்போகும் சர்க்யூட் 1970களின் குடும்பம். அமெரிக்காவின் ராச்செஸ்டரிலிருந்து வந்த எம்எக்ஸ்ஆர் டிஸ்டார்ஷன் பிளஸும், யூட்டாவிலிருந்து வந்த டிஓடி 250ம் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி மாதிரி. இரண்டிலும் 741 என்ற ஒரே ஐசி. முக்கிய வித்தியாசம் டையோடில்: முன்னதில் ஜெர்மேனியம், பின்னதில் சிலிக்கன். கிட்டாரிஸ்ட் ரேண்டி ரோட்ஸ் வாசித்தது முன்னதை. முதல் பெடலுக்கே டியூப் ஸ்கிரீமர், பிக் மஃப் போன்ற பிரபலப் பெடல்கள் மாதிரி என்று ஆசைப்படாதீர்கள். பிக் மஃபில் நான்கு டிரான்சிஸ்டர், பாகங்கள் இரட்டிப்பு, தப்பும் இரட்டிப்பு.

வாங்க வேண்டியவை

ரெசிஸ்டர்கள், கால் வாட் (கே என்றால் ஆயிரம் ஓம், மெக் என்றால் பத்து லட்சம் ஓம்): 22கே இரண்டு, 10கே இரண்டு, 4.7கே இரண்டு, 470கே ஒன்று, 1 மெக் ஒன்று, 2.2 மெக் ஒன்று.

கெபாசிட்டர்கள்: 0.01 மைக்ரோஃபாரட் (மேலே 103 என்று இருக்கும்), 0.047 (473), 0.001 (102), 0.1 (104), ஒவ்வொன்றிலும் ஒன்று. எலக்ட்ரோலிட்டிக்கில் 1, 10, 100 மைக்ரோஃபாரட், 25 வோல்ட்.

எல்எம்741 ஐசி ஒன்று, டிஎல்071 ஒன்று, எட்டுக் கால் ஐசி பேஸ். 1என்4148 டையோடு நான்கு, 1என்5817 ஒன்று, சிவப்பு எல்.இ.டி. மூன்று. 100கே லீனியர் பாட் ஒன்று, 100கே லாக் பாட் ஒன்று. கிட்டார் ஜாக் இரண்டு, அதில் ஒன்று ஸ்டீரியோவாக இருக்க வேண்டும். ஒன்பது கால் உள்ள ஃபுட் ஸ்விட்ச், பேட்டரி கிளிப், பிரெட்போர்டு (பற்றவைக்காமல் செருகிப் பார்க்கும் பலகை), டாட் போர்டு (பற்றவைப்பதற்கான துளைப் பலகை), அலுமினியப் பெட்டி.

ரெசிஸ்டர் கெபாசிட்டரெல்லாம் சில்லறைக் காசு. பத்துப் பத்தாக வாங்குங்கள், ஒன்று தொலைந்தால் மறுபடி பஸ் ஏற வேண்டாம். செலவெல்லாம் பெட்டியிலும் ஃபுட் ஸ்விட்ச்சிலும்தான். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கிறது. பெட்டி, ஃபுட் ஸ்விட்ச் இரண்டையும் ஆன்லைனில் வாங்குவது எளிது.

பாட் பற்றி ஒரு வார்த்தை. லீனியர் என்றால் திருப்பும் தூரத்துக்கு ஏற்பச் சீராக மாறும். லாக் என்றால் முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. ரிவர்ஸ் லாக் அதற்கு நேர்மாறு. பழைய பெடல்களில் கெயினுக்கு (சிக்னலை எத்தனை மடங்கு பெரிதாக்குவது என்பதற்கு) இருப்பது 500கே ரிவர்ஸ் லாக். நான் அதைத் தேடிப் போன அன்று நடந்தது:

"அண்ணே, 500கே பாட் இருக்கா?"

"லாகா, லீனியரா?"

"ரிவர்ஸ் லாக்ணே."

"அதெல்லாம் வராது தம்பி. லீனியர் வாங்கிட்டுப் போ, எல்லாம் சுத்தும்."

சுத்தத்தான் செய்தது. ஆனால் 500கே லீனியரில் பாதி தூரம் திருப்பியும் கெயின் ஐந்து மடங்கைத் தாண்டாது. கடைசிப் பத்தில் ஒரு பங்கில் மட்டும் 20லிருந்து 200க்குத் தாவும். நகத்தால் தள்ளுவது போலத் தள்ள வேண்டும். அதனால்தான் பட்டியலில் 100கே லீனியர். குறைந்தபட்ச கெயின் 3லிருந்து 10 ஆகிவிடும், நடுவில் 19, முழுசாகத் திருப்பினால் 213. டிஸ்டார்ஷனுக்காகத்தானே பெடல் வாங்குகிறோம், மூன்று மடங்கில் யார் வாசிக்கப்போகிறார்கள்?

கருவிகளில் 25 வாட் சால்டரிங் அயர்ன், உள்ளே ரோசின் உள்ள மெல்லிய ஈயக் கம்பி, கட்டர், மலிவான டிஜிட்டல் மல்ட்டிமீட்டர். ஈயம் தொட்ட கையோடு சாப்பிட உட்காராதீர்கள், புகையை மூக்கருகே விடாதீர்கள். மற்றபடி இது 9 வோல்ட் வேலை, ஷாக் பயம் இல்லை. அந்தத் தைரியத்தில் ஆம்ப்ளிஃபையரை மட்டும் திறந்துவிட வேண்டாம். வால்வு ஆம்ப் என்றால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

பிரெட்போர்டில் முதல் கட்டம்: கரண்ட்

பிரெட்போர்டின் ஓரத்து நீளக் கோடுகளில் ஒன்றை 9 வோல்ட், ஒன்றை கிரவுண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் நேராக கிரவுண்ட் கோட்டுக்கு. பாசிட்டிவிலிருந்து 1என்5817 வழியாக 9 வோல்ட் கோட்டுக்கு. டையோடின் கோடு போட்ட முனை சர்க்யூட் பக்கம். பேட்டரியைத் தெரியாமல் திருப்பிச் சொருகினாலும் ஐசி பிழைத்துக்கொள்ளும்.

இரண்டு கோட்டுக்கும் நடுவே 100 மைக்ரோஃபாரட். எலக்ட்ரோலிட்டிக்கில் பட்டை போட்ட கால் நெகட்டிவ், அது கிரவுண்டுக்கு. அப்புறம் 22கே இரண்டையும் வரிசையாக 9 வோல்ட்டிலிருந்து கிரவுண்டுக்கு இணையுங்கள். இரண்டும் சேரும் இடத்திலிருந்து 10 மைக்ரோஃபாரட் கிரவுண்டுக்கு. இந்தச் சேருமிடத்துக்குப் 'பாதி' என்று பெயர் வைத்துக்கொள்வோம். மல்ட்டிமீட்டரில் கிரவுண்டுக்கும் 'பாதி'க்கும் நடுவே 4.3, 4.4 வோல்ட் வர வேண்டும். வந்தால் மேலே போகலாம்.

'பாதி' எதற்கு? கிட்டார் சிக்னல் மேலும் கீழும் ஆடும். நம்மிடம் இருப்பதோ ஒரே பேட்டரி, சுழியத்துக்குக் கீழே இடம் கிடையாது. அதனால் ஊஞ்சலைத் தரையில் கட்டாமல் பாதி உயரத்தில் கட்டுகிறோம்.

இரண்டாம் கட்டம்: ஐசி

741ஐப் பள்ளம் வெட்டிய பக்கம் மேலே இருக்குமாறு பிடியுங்கள். இடப்பக்க மேல் கால் 1. அங்கிருந்து கீழே 2, 3, 4. வலப்பக்கம் கீழிருந்து மேலே 5, 6, 7, 8. இதில் 1, 5, 8 நமக்கு வேண்டாம். 7ம் கால் 9 வோல்ட்டுக்கு, 4ம் கால் கிரவுண்டுக்கு. இந்த இரண்டுக்கும் நடுவே 104 கெபாசிட்டரை ஐசிக்கு ஒட்டியே வையுங்கள்.

உள்ளே வரும் வழி: இன்புட் ஜாக்கின் முனையிலிருந்து 103, அதற்கடுத்து 10கே, அங்கிருந்து 3ம் கால். 3ம் காலிலிருந்து 470கே 'பாதி'க்கு. ஜாக்கின் முனையிலிருந்து 2.2 மெக் கிரவுண்டுக்கு. பின்னால் ஸ்விட்ச்சை மிதிக்கும்போது 'டப்' என்று சத்தம் வராமல் இருக்க இது.

கெயின்: 6ம் காலிலிருந்து 1 மெக் 2ம் காலுக்கு. 2ம் காலிலிருந்து 473, அதற்கடுத்து 4.7கே, அதற்கடுத்து 100கே லீனியர் பாட்டின் நடுக்கால். பாட்டை நம்மைப் பார்த்து, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் வலக்கால் கிரவுண்டுக்கு. வலப்பக்கம் திருப்பத் திருப்பக் கெயின் ஏறும்.

வெளியே போகும் வழி: 6ம் காலிலிருந்து 1 மைக்ரோஃபாரட், பாசிட்டிவ் கால் ஐசி பக்கம். அதற்கடுத்து 10கே. 10கேயின் மறுமுனையை 'முனை' என்போம். இப்போதைக்கு 'முனை'யிலிருந்து நேராக லாக் பாட்டின் வலக்காலுக்கு, இடக்கால் கிரவுண்டுக்கு, நடுக்கால் அவுட்புட் ஜாக்குக்கு. இரண்டு ஜாக்கின் உடல் கம்பிகளும் கிரவுண்டுக்கு.

கிட்டாரைச் செருகுவதற்கு முன்னால் மீட்டர். 7ல் 8.7 வோல்ட் அளவு, 4ல் சுழியம், 2, 3, 6 மூன்றிலும் ஏறத்தாழ 'பாதி'யின் அளவே. 3ல் மட்டும் ஒரு துளி குறைவாகக் காட்டலாம். அது மீட்டரால் வருவது, விட்டுவிடுங்கள். 6ம் கால் மட்டும் எங்கோ உச்சத்திலோ அடியிலோ ஒட்டிக்கொண்டு நின்றால் 470கே அல்லது 1 மெக் சரியாக அமரவில்லை.

ஆம்ப் வால்யூமை அடியில் வைத்து, கெயினையும் அடியில் வைத்து, மெதுவாக மீட்டுங்கள். கிட்டார் சுத்தமாக, ஆனால் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்கும். பாதிப் பெடல் வேலை செய்கிறது! கெயினை ஏற்றினால் டையோடு இல்லாமலேயே முரட்டுத்தனமாக உடையும். அது ஐசி தன் எல்லையில் முட்டுவது. 9 வோல்ட்டில் 741 இரண்டு பக்கமும் இரண்டு வோல்ட் அளவுக்கு விட்டுத்தான் ஆட முடியும். இந்தச் சத்தமும் சிலருக்குப் பிடிக்கும்.

மூன்றாம் கட்டம்: டையோடு

'முனை'யிலிருந்து கிரவுண்டுக்கு இரண்டு 1என்4148. ஒன்றின் கோடு கிரவுண்ட் பக்கம், மற்றதன் கோடு 'முனை' பக்கம். கூடவே 102 கெபாசிட்டரும் 'முனை'யிலிருந்து கிரவுண்டுக்கு. செருகுங்கள். சத்தம் சட்டென்று தணிந்து, இறுகி, பழக்கமான அந்த டிஸ்டார்ஷன் வந்து உட்காரும். வேறு யாரும் செய்து தராமல் அந்த ஒலி முதல்தடவை மேஜைமேல் பரப்பிக் கிடக்கும் கம்பிகளிலிருந்து வருவது தனிச் சந்தோஷம். அன்றைக்கு அதற்கு மேல் எதுவும் செய்யாமல் வாசித்துக்கொண்டே இருந்தாலும் தப்பில்லை.

இப்போது என் கதை. முதல் பெடலைக் கட்டிய ராத்திரி எங்கள் அறையில் மஞ்சள் குண்டு பல்பு. 4.7கேக்கு நிறம் மஞ்சள், ஊதா, சிவப்பு. 470கேக்கு மஞ்சள், ஊதா, மஞ்சள். அந்த வெளிச்சத்தில் இரண்டையும் இடம் மாற்றிப் பற்றவைத்துவிட்டேன். சத்தம் வந்தது, ஆனால் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல மந்தமாக, மெலிசாக. கெயின் பாட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பினாலும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஐசி போலி என்று முடிவுகட்டி மறுநாள் வேறு ஐசி வாங்கினேன். அதுவும் அப்படியே. பாட் போலி என்று பாட் வாங்கினேன். மூன்றாம் நாள் பகல் வெளிச்சத்தில் போர்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இன்புட்டில் 470கே இருக்க வேண்டிய இடத்தில் 4.7கே உட்கார்ந்து கிட்டார் பிக்கப்பை அமுக்கிக்கொண்டிருந்தது. கெயின் பக்கத்திலோ 470கே வழியை அடைத்ததால் கெயின் எப்படித் திருப்பினாலும் மூன்று மடங்கைத் தாண்டவில்லை. அன்றிலிருந்து போர்டில் வைக்கும் முன் ஒவ்வொரு ரெசிஸ்டரையும் மீட்டரில் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடுகிறேன். நிறத்தை நம்புவதில்லை.

மாற்றிப் பார்க்க வேண்டியவை

பிரெட்போர்டை விட்டு அவசரமாக இறங்காதீர்கள். நாமே கட்டும் பெடலின் லாபமே இங்கேதான்: கடைப் பெடல் ஒருவருடைய ரசனையில் உறைந்துபோயிருக்கும், உங்களுடையது இன்னும் உறையவில்லை.

டையோடுகளுக்குப் பதிலாகச் சிவப்பு எல்.இ.டி. இரண்டைப் போடுங்கள், ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக. அவை 1.7 வோல்ட் அளவில்தான் கடத்தும், அதனால் நறுக்கல் குறையும், சத்தம் கூடும், விரலின் அழுத்தம் அப்படியே தெரியும். ஜெர்மேனியம் கிடைத்தால் போட்டுப் பாருங்கள். 1என்34ஏ கேட்டுப் பார்க்கலாம், பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களில் ஓஏ79 இருக்கும். 0.3 வோல்ட்டிலேயே நறுக்கத் தொடங்குவதால் ஒலி மென்மையாகும், ஆனால் மொத்தச் சத்தமும் பாதியாகும். ஒரு பக்கம் 1என்4148, மறுபக்கம் எல்.இ.டி. என்று ஏறுக்குமாறாகவும் வைக்கலாம். எனக்குப் பிடித்தது இதுதான். கார்டு (பல கம்பிகளைச் சேர்த்து மீட்டுவது) வாசித்தால் குழையாமல் நிற்கிறது.

அடுத்து 473 கெபாசிட்டர். கெயின் முழுசாக இருக்கும்போது இது 4.7கேயோடு சேர்ந்து 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கத்தைக் குறைத்துக்கொண்டே போகும். தடித்த கம்பிகள் சேறாகாமல் இருப்பது அதனால்தான். 104 போட்டால் அந்த எல்லை 340க்கு இறங்கி ஒலி தடிக்கும். ஒற்றைக் கம்பி வாசிப்புக்கு நன்றாக இருக்கும், கார்டுக்குக் கொஞ்சம் கலங்கும். சத்தம் காதைக் குத்தினால் 102க்குப் பதில் 472. அது 3,400 ஹெர்ட்ஸ் அளவிலிருந்து மேலே மழுக்கத் தொடங்கும்.

கடைசியாக ஐசியை மாற்றுங்கள். டிஎல்071க்கும் கால்கள் அதே வரிசை, பிடுங்கிச் செருகினால் போதும். 741 பழைய, மெதுவான ஐசி. 200 மடங்கு பெருக்கும்போது அதனால் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சரியாக ஓட முடியாது. அந்த இயலாமையே ஒலியை வழவழப்பாக்குகிறது. டிஎல்071 வேகமானது, கூர்மையாக இருக்கும். குறிப்பிட்ட வருடத்து ஐசிக்குக் கொட்டிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் கேட்டுப் பார்த்த பிறகு காசைக் கொடுக்கலாமா என்று யோசியுங்கள்.

டாட் போர்டுக்கு ஏற்றுவது

பிடித்த கூட்டணி கிடைத்ததும் பிரெட்போர்டைப் படம் பிடித்து வையுங்கள். பிரிக்காதீர்கள். டாட் போர்டுக்குப் புதிதாக இன்னொரு செட் பாகங்கள். பிரெட்போர்டில் ஓடுவது பக்கத்திலேயே இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

ஐசி பேஸை முதலில் பற்றவையுங்கள். ஐசியை நேராகப் பற்றவைக்க வேண்டாம், சூட்டில் போய்விடலாம், பின்னால் மாற்றவும் முடியாது. பேஸைச் சுற்றி ரெசிஸ்டர்கள், பிறகு கெபாசிட்டர்கள், டையோடுகள். மேலே இருக்கும் கால்களையே கீழ்ப்பக்கம் வளைத்து இணைத்தால் தனிக் கம்பி குறையும். போர்டின் ஒரு ஓரம் இன்புட், எதிர் ஓரம் அவுட்புட்.

பற்றவைப்பில் புதியவர்கள் செய்வது, அயர்ன் முனையில் ஈயத்தை உருக்கி எடுத்து வந்து இடத்தில் தடவுவது. வேண்டாம். முனையால் காலையும் செம்பு வட்டத்தையும் சேர்த்துத் தொடுங்கள். இரண்டு விநாடி சூடேறட்டும். பிறகு ஈயக் கம்பியை அயர்னில் வைக்காமல் காலில் வையுங்கள். அது தானாக உருகி வழிந்து எரிமலைச் சாய்வு போல உட்காரும், பளபளக்கும். உருண்டையாக மணி போலவோ மங்கலாகவோ இருந்தால் உள்ளே ஒட்டவில்லை, மறுபடி சூடு காட்டுங்கள்.

பெட்டிக்குப் போகும் முன் பாட்டையும் ஜாக்கையும் கம்பியில் தொங்கவிட்டு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அதே வோல்ட் அளவுகள், அதே ஒலி.

பெட்டி

அலுமினியப் பெட்டிதான் வேண்டும். நான் ஒருமுறை பிளாஸ்டிக் டப்பாவில் கட்டி, கெயினை ஏற்றினால் உள்ளூர் மீடியம் வேவ் செய்தி பின்னணியில் ஓடியது. உலோகப் பெட்டி கிரவுண்டோடு சேர்ந்து வெளி இரைச்சலை மறித்து நிற்கும். 1590பி என்ற அளவு (112க்கு 60 மி.மீ.) பிரபலம். ஆனால் முதல்தடவை பேட்டரியோடு அதற்குள் அடைப்பது தீப்பெட்டிக்குள் சேலையை மடிப்பது மாதிரி. ஏறத்தாழ 120க்கு 65 மி.மீ. உள்ள 125பி வாங்குங்கள்.

ஓட்டைகள்: ஃபுட் ஸ்விட்ச்சுக்கு 12 மி.மீ., ஜாக்குக்கு 9.5, பாட்டுக்கு 7, எல்.இ.டி.க்கு 5. காகிதத்தில் வரைந்து ஒட்டி, ஆணியால் புள்ளி குத்தி, 3 மி.மீ.யில் தொடங்குங்கள். துளைக்கும் முன் பாகங்களை உள்ளே படுக்கவைத்து ஒன்றோடொன்று இடிக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. பாட் இருக்கும் உயரத்தில் ஜாக் ஓட்டை போட்டுவிட்டுத் தலையில் கைவைத்தவர்கள் ஏராளம்.

அடாப்டர் சாக்கெட்டும் வேண்டும் என்றால் இரண்டு எச்சரிக்கை. கிட்டார் பெடல் வழக்கத்தில் சாக்கெட்டின் நடுமுனை நெகட்டிவ். கடையில் சும்மா கிடைக்கும் அடாப்டர்கள் பெரும்பாலும் நடுவில் பாசிட்டிவ். இரண்டாவது, சாக்கெட் பிளாஸ்டிக் உடலோடு இருக்க வேண்டும். நடுமுனை நெகட்டிவ் என்றால் வெளி வளையம் 9 வோல்ட். உலோகச் சாக்கெட் போட்டால் அது கிரவுண்டான பெட்டியைத் தொட்டு ஷார்ட் ஆகும்.

ஃபுட் ஸ்விட்ச்

ஒன்பது கால்களைப் பார்த்ததும் மிரள வேண்டாம். இது மூன்று தனி ஸ்விட்ச் ஒரே மிதியில். மல்ட்டிமீட்டரை, இணைப்பு இருந்தால் 'கீ' என்று கத்தும் நிலையில் வைத்து, எந்த மூன்று கால்கள் ஒரு கூட்டம் என்று கண்டுபிடியுங்கள். நடுக்கால் எப்போதும் பொது. அது ஒருமுறை மிதித்தால் ஒரு பக்கத்துக் காலோடும், மறுமுறை எதிர்ப்பக்கத்துக் காலோடும் சேரும். ஒரு பக்கத்தை 'ஆன்', மறுபக்கத்தை 'ஆஃப்' என்று பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் கூட்டத்தின் நடுவில் இன்புட் ஜாக், ஆன் காலில் போர்டின் இன்புட். இரண்டாம் கூட்டத்தின் நடுவில் அவுட்புட் ஜாக், ஆன் காலில் வால்யூம் பாட்டின் நடுக்கால். இந்த இரண்டு கூட்டத்தின் ஆஃப் கால்களையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துவிடுங்கள். ஆஃபில் கிட்டார் நேராக ஆம்புக்குப் போய்விடும். மூன்றாம் கூட்டத்தின் நடுவில் கிரவுண்ட், ஆன் காலில் எல்.இ.டி.யின் குட்டைக் கால். நீளக் கால், மீதமிருக்கும் 4.7கே வழியாக 9 வோல்ட்டுக்கு. ஸ்விட்ச் கால்களில் மூன்று விநாடிக்கு மேல் அயர்னை வைத்தால் உள்ளே பிளாஸ்டிக் இளகும், மிதித்தால் சிக்கும்.

இன்புட்டில் ஸ்டீரியோ ஜாக் போடச் சொன்னதற்குக் காரணம் பேட்டரி. பேட்டரியின் நெகட்டிவ் கம்பி ஜாக்கின் நடு வளையக் காலுக்குப் போகும். சாதாரண மோனோ பிளக்கைச் செருகியதும் அதன் நீண்ட உடல் வளையத்தையும் கிரவுண்டையும் சேர்த்துவிடும், சர்க்யூட் விழிக்கும். கேபிளை உருவினால் தூங்கும். வேறு ஆன்-ஆஃப் ஸ்விட்ச் தேவையில்லை.

சத்தம் வராவிட்டால்

ஆஃபில் கிட்டார் கேட்கிறதா? கேட்காவிட்டால் தப்பு ஜாக்கிலோ ஸ்விட்ச்சிலோதான், போர்டைத் தொடாதீர்கள். ஆஃபில் கேட்டு ஆனில் கேட்காவிட்டால் ஐசியின் கால்களில் வோல்ட் அளவுகள். அவையும் சரி என்றால் ஆம்பில் செருகிய இன்னொரு கேபிளின் முனையிலிருந்து ஒரு கம்பி எடுத்து, அதன் வழியில் 104 ஒன்றைச் சேர்த்து, சிக்னல் போகும் வழியெங்கும் தொட்டுக்கொண்டே வாருங்கள்: 3ம் கால், 6ம் கால், 'முனை', வால்யூம். கடைசியாகக் கேட்ட இடத்துக்கும் முதலில் கேட்காத இடத்துக்கும் நடுவில்தான் நோய்.

ஆனில் ரொம்ப மெலிசாகக் கேட்டால் டையோடுகள் நிற்கும் 'முனை' தப்பாக நேரே கிரவுண்டோடு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கெயின் முழுசில் ஊளையிட்டால் இன்புட் கம்பியும் அவுட்புட் கம்பியும் உரசிக்கொண்டு போகின்றன, பிரித்து எதிரெதிர்ச் சுவரோரமாக வளைத்துவிடுங்கள். பெட்டியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது என்றால் பெட்டிக்கு கிரவுண்ட் போகவில்லை. ஜாக் நட்டுக்குக் கீழே பெயின்ட் இருக்கும், சுரண்டுங்கள். மூடியைப் போட்டதும் மட்டும் செத்துப்போனால் போர்டின் அடிப்பக்கக் கால் எதுவோ அலுமினியத்தைத் தொடுகிறது. தடித்த அட்டை ஒன்றை வெட்டி இடையில் வைத்தால் போதும்.

வாசித்து முடித்ததும் இன்புட்டிலிருந்து கேபிளை உருவி வையுங்கள். செருகியபடியே விட்டால் பெடல் ஆஃபில் இருந்தாலும் ஐசி குடித்துக்கொண்டேதான் இருக்கும். அப்படி மறந்து விட்ட பேட்டரி அதிக நாள் தாங்காது.